பணிபுரியும் அன்பர்களுக்கு

கடைசிப் பக்கத்தை முடித்த பிறகும் எழிலரசி புத்தகத்தை மூடவில்லை, கட்டைவிரல் அந்தப் பக்கத்திலேயே இருந்தது, காபியில் ஆடை படிந்து டம்ளரின் ஒரு பக்கமாகச் சுருங்கிக் கிடந்தது, ஒன்பதாகப் பத்து நிமிஷம் இருந்தது, அழுதிருக்கிறோம் என்பதே மூக்கை உறிஞ்சியபோதுதான் தெரிந்தது. நாற்பத்தெட்டு வயதில், குளிக்காமல் நைட்டியோடு உட்கார்ந்து, எண்பது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவின் தெற்கே ஏதோ ஆற்றங்கரை ஊரில் வாழ்ந்ததாக யாரோ கற்பனை செய்த ஒரு கறுப்பினப் பெண்ணுக்காக அழுகை. கொரின்னா. ஐந்து மாடி ஜவுளிக்கடையில் லிஃப்ட் ஓட்டுகிறவள். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, பித்தளைப் பிடியைத் திருப்பித் திருப்பி, வெள்ளைக்காரச் சீமாட்டிகளை மேலே ஏற்றுவாள், கீழே இறக்குவாள், இருபத்து மூன்று வருஷமாக, நின்றபடியே. மூலையில் ஒரு முக்காலி உண்டு, அதில் அவள் உட்காரக் கூடாது. அவளுடைய ஜனங்கள் யாரும் அந்த லிஃப்ட்டில் கால் வைக்கக் கூடாது, அவர்களுக்குப் பின்பக்கப் படிக்கட்டு. ஒருநாள் அவளுடைய அம்மா, எழுபது வயதுக்காரி, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போட்டுக்கொண்டு போக ஒரு நல்ல தொப்பி வேண்டும் என்று அந்தப் படிக்கட்டில் ஏறத் தொடங்குகிறாள். லிஃப்ட்டுக்கும் படிக்கட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர். கொரின்னா மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட்டை நிறுத்துகிறாள், முக்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறாள், ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே ஏழு பேர். கத்துகிறார்கள், மிரட்டுகிறார்கள், ஒருத்தி மயக்கம் வருகிறது என்கிறாள், பிறகு கத்துவதற்கு எதுவும் மிச்சமில்லாமல் போகிறது, அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிறது: ஒரு கால், நிறுத்தம், இன்னொரு கால், மூச்சு, கைப்பிடியில் உள்ளங்கை உரசும் சத்தம். பதினோரு நிமிஷம். ஏழு பேரும் ஒரு கிழவி படியேறுவதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். அவ்வளவுதான் கதை. அந்தப் பதினோரு நிமிஷத்தைப் படித்தபோது எழிலரசிக்கு வந்த அழுகை இன்னும் நிற்கவில்லை, நிற்க வேண்டாம் என்றும் இருந்தது, ஏனென்றால் இப்படி அழ முடிகிற மனசு தனக்கு இருக்கிறதே என்று உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம், அதை அவளே கவனித்துவிட்டு, சீ, என்று தலையை ஆட்டிக்கொண்டாள்.

இதை உடனே யாரிடமாவது சொல்லவேண்டும், யாரிடமாவது என்றால் மாராத்தாளிடம், அவள் இப்போது வந்துவிடுவாள். ஆறு மாதமாக அதுதான் வழக்கம். சமையலுக்கு வருகிற மாராத்தாள் காய் நறுக்குவாள், எழிலரசி எதிரே உட்கார்ந்து, தான் படித்துக்கொண்டிருக்கிற நாவலை விட்ட இடத்திலிருந்து தமிழில் சொல்வாள். இங்கிலாந்தில் லீட்ஸில் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டுக் கோயம்புத்தூருக்குத் திரும்பியவளுக்கு, கணவன் இன்னும் ஒரு வருஷ வேலை பாக்கி என்று அங்கேயே தங்கிவிட, ஒரு நாளில் வாய்விட்டுத் தமிழ் பேச வேறு ஆள் கிடையாது. அப்பா தமிழாசிரியர், மகளைக் கான்வென்ட்டில் ஆங்கிலத்தில் படிக்க வைத்துவிட்டு வீட்டில் பழம்பாட்டைச் சோற்றோடு பிசைந்து ஊட்டியவர், அதனால் எந்த நாவலையும் வாயாலேயே மொழிபெயர்த்துக்கொண்டு போவது அவளுக்குத் தண்ணீர் குடிக்கிற மாதிரி. மாராத்தாளுக்குக் கதை கேட்கத் தெரியும். "அந்தப் புள்ளைக்கு அப்பறம் கண்ணாலம் ஆச்சுங்களா இல்லீங்களா?" என்பாள். "இத்தன பக்கம் எழுதிப்போட்டு அவனைச் சாவடிச்சுப்போட்டானுங்களா, கிறுக்கனா இருப்பானாட்டம்" என்பாள். இவளைவிட ஆறு வயது மூத்தவள், ஆனால் இவளை அக்கா என்பாள், எழுபது வீடு இருக்கிற இந்தக் கட்டடத்தில் எல்லா வீட்டு அம்மாக்களும் எல்லா வேலைக்காரர்களுக்கும் அக்காதான், நேற்றுக் கல்யாணமாகி வந்த பெண் உட்பட. கொரின்னாவையும் அப்படித்தான், ஐம்பது வயதில், பள்ளிக்கூடப் பையன்கள்கூட ஏ பெண்ணே என்று கூப்பிடுவார்கள், அந்த வரிக்கு அடியில் எழிலரசி பென்சிலால் கோடு போட்டாள், கோடு போட்ட கையோடு, மாராத்தா, காபி ஆச்சா என்று குரல் கொடுத்தாள். கோடும் நினைவிருக்கிறது, குரலும் நினைவிருக்கிறது, இரண்டும் ஒரே நிமிஷத்தில் நடந்தவை என்பதுதான் இவ்வளவு நாள் நினைவில்லை.

நேற்று எதுவரைக்கும் சொன்னோம்? அம்மா படிக்கட்டுக் கதவைத் தள்ளித் திறந்த இடம் வரைக்கும். மாராத்தாள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். "அந்தம்மாளுக்கு வயசென்னங்?" என்று கேட்டாள். "எழுபது." "முட்டி எப்படிங் இருக்குது?" "முட்டியைப் பத்தி எழுதலை மாராத்தா." "எத்தன மாடிங்?" "அஞ்சு." கத்தி பலகையில் இரண்டு தரம் தட்டியது. "அஞ்சுதானுங்களா" என்றாள் மாராத்தாள். பிறகு பீன்ஸை அலசினாள், தேங்காய் இருக்கிறதா என்று கேட்டாள், குக்கர் விசில் வந்தது, எழிலரசி அந்த வார்த்தையைத் தாண்டிப் போய்விட்டாள். இப்போது அது திரும்பி வந்து நிற்கிறது. அஞ்சுதானுங்களா. திங்கட்கிழமையிலிருந்து, வேலைக்கு வருகிறவர்கள் ஏறுகிற பின்பக்கச் சர்வீஸ் லிஃப்ட் ஓடவில்லை. இன்று வியாழன். எழிலரசியின் வீடு எட்டாவது மாடி. மாராத்தாள் மூன்று நாளாக எட்டு மாடி ஏறி வந்து, மூச்சு அடங்கும் முன்னால் தரையில உக்காந்து அரிவாள்மணையில நறுக்க முட்டி மடங்காதுங், கத்தியே குடுங் என்று சிரித்துக்கொண்டு உட்கார்ந்து, ஐந்து மாடி ஏறப்போகிற ஒரு கிழவியின் கதையைக் கேட்டிருக்கிறாள். சொல்கிறவள் கண் கலங்கச் சொல்லியிருக்கிறாள். நேற்றுக் கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "முட்டி கேக்க மாட்டீங்குதுங்க்கா, நாளைக்குப் பாக்கலாமுங்" என்றாள், பாக்கலாமுங் என்றால் என்ன, வருகிறேன் என்றா, வந்தால் பார்க்கலாம் என்றா.

ஒன்பது ஆகிவிட்டது. வராமல் போனால் சமையலை நினைத்தா பயம், சமையல் தெரியாதவளா அவள், இருபத்திரண்டு வருஷம் யார் சமைத்தார்கள். மாராத்தாள் வராத வீட்டில் அந்த எதிர் நாற்காலி எப்படி இருக்கும் என்று பார்த்தாள், வெறும் நாற்காலியாக இருந்தது, பார்க்கப் பிடிக்கவில்லை. லீட்ஸில் புதுக் குடியிருப்புக்குப் போன முதல் வாரம், இரண்டு கையிலும் கடைப் பை, குளிரில் விரல் மரத்துப்போய்க் கீழ்க்கதவில் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது, உள்ளே இருந்து ஒரு வெள்ளைக்காரப் பாட்டியம்மாள் கதவைப் பாதி திறந்து, பாதியிலேயே பிடித்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு, எந்த வீட்டைச் சுத்தம் செய்ய வந்திருக்கிறாய் டியர், உங்களுக்குப் பின்பக்கம் கதவு இருக்கிறதே டியர், என்றாள். எழிலரசி இந்தக் கதையைப் பதினைந்து வருஷம் விருந்துகளில் சொல்லியிருக்கிறாள், எங்கே நிறுத்தவேண்டும், எங்கே குரலை இறக்கவேண்டும், எல்லாம் அத்துபடி. கேட்கிறவர்கள் சீ என்பார்கள், என்ன திமிர் என்பார்கள், அவள் சொல்வாள், திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, அந்த டியர்தான், இன்றுவரைக்கும் காதில் எறும்பு போன மாதிரி அந்த டியர். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்பார்கள். டியர் என்பதற்குத் தமிழில் என்ன, அன்பே, அன்பரே, என்று அவள் மனசு பழக்கதோஷத்தில் மொழிபெயர்க்கப் போய், அந்த இடத்தில் சட்டென்று கால் இடறியது.

ஐயோ. அது அவள் எழுதியது. போன பிப்ரவரியில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் நடேசமூர்த்தி, ஓய்வுபெற்ற என்ஜினியர், தங்கமான மனுஷர், ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். வேலைக்காரிகள், டிரைவர்கள், டெலிவரி ஆட்கள் குடியிருப்போர் லிஃப்ட்டில் ஏறக் கூடாது, மீறினால் நுழைவு அட்டை பறிக்கப்படும், இரண்டே வரி, மொட்டை ஆங்கிலம். மேடம், உங்க தமிழ் அவ்வளவு நல்லா இருக்கும், நீங்க மாத்திக் குடுங்களேன் என்றார். படித்ததும் அவளுக்கு உடம்பு கூசியது, இவ்வளவு கரடுமுரடாகவா, மனுஷர்களிடமா, என்று. அதனால் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து எழுதினாள். வேலைக்காரிகள் என்பதை அடித்தாள். நம் இல்லங்களில் பணிபுரியும் அன்பர்களுக்கு, என்று ஆரம்பித்தாள். தங்கள் வசதிக்கென்றே அமைந்துள்ள பின்புற மின்தூக்கியைப் பயன்படுத்தி ஒத்துழைக்குமாறு அன்புடன் வேண்டுகிறோம். தங்கள் வசதிக்கென்றே. அந்தச் சொல் வந்து விழுந்தபோது அவளுக்கு எவ்வளவு திருப்தி, அப்பா இருந்திருந்தால் ஒற்றுப்பிழைகூட இல்லை என்றிருப்பார். அட்டையைப் பறிப்பதைப் பற்றிய வரியைக் கடைசியில், தவிர்க்க இயலாத சூழலில் என்று போட்டு, கம்பளிக்குள் கல்லைச் சுற்றுகிற மாதிரி சுற்றிவைத்தாள். நல்ல காரியம் செய்தோம் என்று அன்றைக்குத் தூங்கினாள். அது இன்றைக்கும் மூன்று லிஃப்ட்டிலும் ஒட்டியிருக்கிறது. அவள் தினமும் அதன் முன்னால் நின்று மேலேயும் கீழேயும் போய்வருகிறாள், போன வாரம் கையில் இந்த நாவலோடு நின்றாள், கொரின்னாவின் முக்காலியைப் படித்துக்கொண்டே நின்றாள், பக்கத்தைத் திருப்பத் தோள்பட்டையை அந்த அறிவிப்பின் மேலேயே சாய்த்துக்கொண்டு நின்றாள்.

போன் அதிர்ந்தது, மாராத்தாள் என்று பாய்ந்து எடுத்தால் நடேசமூர்த்தி, குரல் செய்தி. "மேடம், குட் மார்னிங். சர்வீஸ் லிஃப்ட்டுக்குப் பார்ட்ஸ் வர இன்னும் பத்து நாள் ஆகுமாம். இந்த வேலைக்காரங்க மெயின் லிஃப்ட்ல ஏற ஆரம்பிச்சுட்டாங்கன்னு ரெண்டு மூணு கம்ப்ளெயின்ட் வந்துருக்கு. அதுவரைக்கும் படிக்கட்டுதான்னு ஒரு நோட்டீஸ், உங்க ஸ்டைல்ல, அவங்க மனசு நோகாத மாதிரி எழுதிக் குடுத்துடுங்க. பத்து மணிக்கு ஒட்டிடலாம்." மனசு நோகாத மாதிரி. அவள் அதைக் கேட்டு முடிக்கும் முன்பே தலைக்குள் ஒரு வாக்கியம் தானாகக் கோர்த்துக்கொண்டது, உடல்நலத்துக்கு உகந்த படிக்கட்டினை, என்று, எவ்வளவு லட்சணமாக, எவ்வளவு வேகமாக. தன் கைக்கு இருக்கும் இந்தக் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்து அவளுக்கே பயம் வந்தது. எழுதமாட்டேன் என்று சொல்லிவிடலாம், சொல்லிவிட்டு மாராத்தாளுக்கு எதுவும் தெரியவேண்டாம் என்று இருந்துவிடலாம், கதையின் கடைசியைக் கண்ணீரோடு சொல்லலாம், அவளும் கேட்டு ம் என்பாள். அது முடியுமா. ஒன்பதே கால். மாராத்தாளுக்குப் போன் போட்டாள், அடித்து அடித்து ஓய்ந்தது. சொன்னால் அவள் வேலையை விட்டுவிடுவாளோ, விட்டால்கூடச் சரி, விடாமல் இருந்து கதை கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டால், தலை நிமிராமல் காய் மட்டும் நறுக்கிவிட்டுப் போய்விட்டால். எழிலரசி நைட்டியின் மேல் ஒரு துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள், லிஃப்ட்டைத் தாண்டி, ஒருநாளும் திறந்திராத படிக்கட்டுக் கதவைத் தள்ளினாள்.

கதவு அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. உள்ளே ஜன்னல் இல்லை, சிமெண்ட்டும் பினாயிலும் கலந்த வாசனை. ஆள் அசைந்தால் எரிகிற விளக்கு அவள் தலைக்கு மேலே பளிச்சென்று எரிந்தது. காது கொடுத்தாள். ஒன்றும் இல்லை. ஏழாவது மாடிக்கு இறங்கினாள், ஆறாவதுக்கு, இறங்குகிறவளே கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கொரின்னாவின் அம்மா நினைவுக்கு வரவில்லை, வரும் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை, படியின் விளிம்பு உடைந்திருப்பதும் கைப்பிடி பிசுபிசுப்பதும்தான் தெரிந்தன. ஐந்தாவது மாடித் திருப்பத்தில் இருட்டு, அந்த இருட்டிலிருந்து ஒரு கை மேலே எழுந்து, பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி ஆடியது, விளக்கு எரிந்தது, படியில் மாராத்தாள் உட்கார்ந்திருந்தாள், மடியில் வயர்கூடை, சேலை முட்டிக்கு மேல் ஏறியிருந்தது, இடது முட்டி தேங்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"ஏனுங்க்கா, லிஃப்ட்டு கெட்டுப்போச்சுங்களா?" என்று பதறினாள் மாராத்தாள். "இல்லை, உங்களைக் காணோமேன்னு வந்தேன்." "செரியாப் போச்சு போங், நைட்டியோட. உக்காருங், விழுந்துகிழுந்து வெக்கப்போறீங்." எழிலரசி அவள் பக்கத்தில் அதே படியில் உட்கார்ந்தாள், தோள் இடித்தது. "ஏன் இருட்டுல உக்காந்திருந்தீங்க?" "நாம எங்கீங் இருட்டுல உக்காந்தோம், சும்மா உக்காந்தா அது அணைஞ்சு போயிருங். கையை ஆட்டிட்டே உக்காரோணும். மூணாவது மாடியில வேலை செய்யற சரசு சொல்லுவா, ஓய்வெடுக்கறதுக்கும் வேலை செய்யோணும்டி இந்தப் பில்டிங்குலன்னு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். விளக்கு அணைந்தது. மாராத்தாள் கையை ஆட்டினாள். எரிந்தது. இப்போது, இப்போதுதான், கதையைச் சொல்லு என்று ஒரு மனசு, கதையைச் சொல்லாதே என்று ஒரு மனசு. "மீதிய முடிச்சுட்டீங்களாக்கா?" என்று மாராத்தாளே கேட்டாள். "மூஞ்சியப் பாத்தாத் தெரியுது. அந்தம்மா மேல போய்ச் சேந்துச்சுங்களா?" "சேந்துட்டாங்க. அவங்க ஏறி முடிக்கிற வரைக்கும் மக லிஃப்ட்டை நடுவுலயே நிறுத்திட்டா." "தொப்பி?" "வாங்கிட்டாங்க." "அது போதுமுங்" என்றாள் மாராத்தாள், முட்டியைத் தடவிக்கொண்டே. "புள்ளைக்கு வேலை போச்சாக்கும்." "போச்சு." "போகுமுங்."

"மாராத்தா, லிஃப்ட்டுல ஒட்டியிருக்கிற அந்த நோட்டீஸ் இருக்கில்ல, அதை எழுதுனது நான்தான்." சொல்லிவிட்டாள். வாக்கியத்தில் எந்த அலங்காரமும் இல்லை, அவ்வளவு சின்ன வாக்கியத்தை அவள் வாழ்க்கையில் எழுதினதில்லை. மாராத்தாள் திரும்பிப் பார்த்தாள், அந்த ஒரு கணத்தில் எழிலரசி எதிர் நாற்காலியை, நிமிராத தலையை, பலகையில் தட்டும் கத்தியை, எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். "தெரியுமுங்" என்றாள் மாராத்தாள். "எப்படி?" "இந்தப் பில்டிங்குல வேற ஆருங் அன்பர்கள்னு பேசறது?" எழிலரசிக்குக் காது மடல் கொதித்தது. "எழுத்துக் கூட்டித்தானுங் எனக்குப் படிக்க வரும். அந்த லிஃப்ட்டுக்குள்ள ஒரு நாளைக்கு ஒரு வரின்னு படிச்சேன், நாலு நாளாச்சு முடிக்க. மொதோ வரி படிச்சப்ப எங்களுக்கு என்னுமோ குடுக்கப் போறாங்கன்னு நெனச்சேனுங். நாலா நாள்தான் தெரிஞ்சுது. சரசு உழுந்து உழுந்து சிரிச்சா. அன்னைலிருந்து ஏனுங் அன்பரே பால் வாங்கியாச்சா, ஏனுங் அன்பரே குப்பை எடுத்தாச்சான்னுதான் பேச்சு. டிரைவர் பசங்களும் அப்படித்தான்." "என்கிட்ட நீங்க ஒண்ணுமே சொல்லலையே." "என்னன்னு சொல்றதுங்? நீங்க பாசமாத்தான் எழுதியிருக்கறீங். அதுக்குத்தான் சொல்லலை. திட்டி எழுதியிருந்தா நாலு திட்டுத் திட்டிப்போட்டுப் போயிருப்பமுங். இப்படி எழுதுனா எங்க போயித் திட்டறது?" விளக்கு அணைந்தது. இந்த முறை எழிலரசி கையை ஆட்டினாள். ஆட்டிய கை கீழே வந்து மாராத்தாளின் முட்டியின் மேல் இறங்கியது, சூடாக இருந்தது முட்டி, காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி மாதிரி. மாராத்தாள் அதைத் தள்ளிவிடவில்லை. கொஞ்ச நேரம் வைத்திருக்க விட்டாள்.

"வாங்க, இங்கிருந்து லிஃப்ட்ல போகலாம், யார் கேட்டாலும் நான் பேசிக்கறேன்." "கேட்டா உங்களைக் கேக்க மாட்டாங்க்கா. வாட்ச்மேன்கிட்டச் சொல்லி என்ற கார்டைத்தான் புடுங்குவாங்க. அஞ்சு வீடு எனக்கு." "அப்ப நானும் உங்ககூட நடக்கறேன், பத்து நாளும்." "நீங்க நடந்தா என்ற முட்டிக்கு என்னங் வந்துச்சு?" என்றாள் மாராத்தாள், கோபமே இல்லாமல், விலை கேட்கிற மாதிரி. எழிலரசி போனை எடுத்தாள். நடேசமூர்த்தியின் செய்தியை மாராத்தாளுக்குப் போட்டுக் காட்டினாள். மனசு நோகாத மாதிரி என்ற இடத்தில் மாராத்தாளின் உதடு கோணியது. எழிலரசி பொத்தானை அழுத்தி, படிக்கட்டில் தன் குரல் எதிரொலிக்கிறதைக் கேட்டுக்கொண்டே பேசினாள், "சார், நான் எழுதித் தரமாட்டேன். இதுக்கு மட்டுமில்ல, இனிமே இந்த மாதிரி எதுக்கும் எழுத மாட்டேன். முன்னாடி எழுதினதும் தப்பு. ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் சொல்றேன்." விரலை எடுத்தாள். அனுப்பியாகிவிட்டது. இவ்வளவு வயதுக்கு மேல், பரீட்சைப் பேப்பரைக் கொடுத்துவிட்டு வந்த பெண் மாதிரி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதில் உடனே வந்தது. "என்ன மேடம் நீங்க, ஒரு நோட்டீசுக்குப் போய். உங்களை நான் வேற மாதிரி நெனச்சிருந்தேன். சரி விடுங்க, எனக்குத் தமிழ்ல எழுத வராது, இங்கிலீஷ்லயே அடிச்சு ஒட்டிக்கறேன்." எழிலரசி சுவரில் தலையைச் சாய்த்தாள். ஒட்டத்தான் போகிறார். அவள் கை இல்லாமலும் அது நடக்கும். ஆனால் பக்கத்தில் மாராத்தாளின் தோள் குலுங்கியது, அழுகிறாளோ என்று பார்த்தால், சிரிக்கிறாள், சத்தம் வராமல், கூடையைக் கட்டிக்கொண்டு. "இங்கிலீசுலயாமா! நல்லதாப் போச்சுங்க்கா. எங்களுக்குத்தான் இங்கிலீசு படிக்கத் தெரியாதுங்களே. லிஃப்ட்டுல நின்னுக்குவோம், ஆராச்சும் கேட்டா, ஏனுங், என்னுமோ எழுதியிருக்குது, பண்டிகை வாழ்த்தாட்டமிருக்குதுன்னு நாங்க நெனச்சோமுங்கறது." "கார்டைப் புடுங்கினா?" "புடுங்குனா நீங்க போய்க் கேட்டு வாங்கியாங்க. இத்தன நாளு அவங்களுக்கு எழுதிக் குடுத்தீங்கில்ல, எங்களுக்காக ஒரு தரம் பேசிப் பாருங்." கைப்பிடியைப் பிடித்து எழுந்தாள், எழிலரசி இடுப்பில் கை கொடுத்தாள், எழுபத்தைந்து கிலோ ஒரு கணம் அவள் மேல் சாய்ந்து பிறகு நிமிர்ந்தது. இருவரும் ஐந்தாம் மாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தார்கள், மாராத்தாள் பொத்தானை முழங்கையால் அழுத்தினாள், லிஃப்ட் வந்து திறந்தது, காலியாக, கண்ணாடியும் குளிர்ச்சியுமாக.

எழிலரசி உள்ளே போனாள். மாராத்தாள் வரவில்லை. கதவில் ஒரு காலை வைத்துப் பிடித்துக்கொண்டு, உள்ளே சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைத் தாடையால் காட்டினாள். "அதைக் கிழிங் மொதல்ல. அது இருக்கற வரைக்கும் எனக்குப் படிக்கத் தெரியுமுங்." எழிலரசி நகத்தை விட்டு டேப்பின் ஓரத்தைக் கிளப்பினாள், நல்ல டேப்பாகப் பார்த்து ஒட்டியிருந்தார்கள், நீளவாக்கில் நூல் நூலாகத்தான் வந்தது, தங்கள் போனது, வசதிக்கென்றே பாதி போய்ப் பாதி ஒட்டிக்கொண்டு நின்றது, நகக்கண்ணில் ரத்தம் கட்டியது, கதவு மூட முயன்று முயன்று மாராத்தாளின் காலில் இடித்துக் கீங் கீங் என்று கத்தியது. "நிதானமாப் பண்ணுங், ஒண்ணும் அவசரமில்லை" என்றாள் மாராத்தாள். கடைசி எழுத்தும் வந்த பிறகு, எழிலரசி தாளைக் கசக்கிக் கைக்குள் வைத்துக்கொண்டு ஓரமாக நகர்ந்து நின்றாள். மாராத்தாள் உள்ளே வந்து, வெறுமையான சுவரை ஒரு தரம் பார்த்துவிட்டு, எட்டாம் எண்ணைத் தேடி, ஆள்காட்டி விரலால் அழுத்தினாள்.